முள் எடுத்துக் கொடுத்த வாய்

மகனே,

உனக்கு இப்போது நான்கு வயது. முன்னறையில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பொம்மை லாரியில் புளியங்கொட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடிதம் அந்தப் பையனுக்கு இல்லை. இருபது வயதைத் தாண்டிய, மீசை வைத்த, நான் ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிச் சொல்லப்போகிற ஒருவனுக்கு எழுதுகிறேன். அவனை எனக்குத் தெரியாது. ஆனாலும் அவனிடம்தான் பேசியாக வேண்டும், ஏனென்றால் டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டார். "சின்னப் பிள்ளைக்கு இப்ப ஒரு டெஸ்ட்டும் வேண்டாம். வலி, வாந்தின்னு ஏதாவது இருந்தா கூட்டிட்டு வாங்க. இல்லன்னா பெரியவனாகட்டும், அப்ப பாத்துக்கிடலாம்" என்றார். அப்போது பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் முன்பு என் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உட்சுவர் சில இடங்களில் வயிற்றுச் சுவர் மாதிரி இல்லாமல் குடல் மாதிரி மாறியிருக்கிறதாம். ஓர் இடம் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாறு இடத்தில் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும். காத்திருப்பது எனக்கு வராத வேலை. துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டு ஒன்றில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் நான். கிரேன் நின்றால் அரை மணி நேரத்தில் காரணம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கீழே லாரிக்காரர்கள் என் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் லேபுக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டேன். இரண்டாவது முறை எடுத்த பெண், "சார், அவசரத்துக்கு வேக வச்சு எறக்க இது சோறா? அதுக்குன்னு ஒரு நேரம் இருக்குல்லா" என்றாள். சரிதான். அதன் பிறகு கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பது, பெல்ட் எந்த ஓட்டையில் நிற்கிறது என்று பார்ப்பது, விரலால் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது, இதுதான் என் வேலை.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன ஆள். கடலில் இருக்கிற வாரங்களில் சோறும் கருவாடும்தான். கரைக்கு வந்த பிறகும் நாக்கு உப்பை விடாது, குழம்பில் எவ்வளவு போட்டிருந்தாலும் தட்டோரத்தில் தனியாக ஒரு சிட்டிகை வேண்டும். பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொஞ்சுகிற மனிதர் இல்லை. கொஞ்சுவது முழுக்க மீனில் நடந்தது. சாளை மீன் முள் மயிர் மாதிரி இருக்கும், விரலுக்கு அகப்படாது. எங்கள் தெருவில் அதற்கு யாரும் விரலை நம்பியதில்லை. துண்டை வாயில் போட்டு, நாக்கால் புரட்டி, முள்ளை ஒவ்வொன்றாக உதட்டோரம் தள்ளி எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே பிள்ளையின் வாயில் வைப்பார்கள். அப்பா கடலில் இருந்து வந்த முதல் நாள் சாப்பாட்டில் நான் அவர் தொடையை ஒட்டி உட்கார்ந்திருப்பேன். அவர் ஒன்றும் பேசமாட்டார். வாய் மட்டும் அசையும். பிறகு என் வாய்க்கு மீன் வரும். எட்டு வயது வரைக்கும் அப்படித் தின்றேன். ஒரு முள்கூட என் தொண்டையில் குத்தியதில்லை.

நான் டிப்ளமா இரண்டாம் வருடம் படிக்கும்போது அவருக்கு நெஞ்சு கரிக்க ஆரம்பித்தது. கடையில் வாங்கிய வெள்ளை மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தார், குடித்துவிட்டுக் கருவாட்டையும் தின்றார். ஆறு மாதத்தில் சட்டைக்குள் ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தார்கள், மூடினார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். உன் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சாமியார் வாசிப்பார். என் அம்மா அந்த மூன்று ஞாயிறும் முன்வரிசையில் உட்கார்ந்து, விசாரித்தவர்களிடம் எல்லாம் "அல்சர்" என்றாள். வேறு வார்த்தை வெளியே போயிருந்தால், ரத்தத்திலேயே இருக்கிற குடும்பம் என்று பேர் விழுந்திருக்கும். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஐந்தாம் மாதம் அப்பா இறந்தார். எனக்கும் அல்சர் என்றுதான் சொன்னார்கள். நான் நம்பினேன் என்பதைவிட, கேட்கவில்லை என்பது சரி. அவருடைய ஆஸ்பத்திரி ஃபைலை அலமாரி மேல் தூக்கி வைத்தது நான்தான். பத்தொன்பது வயது, இங்கிலீஷ் படிக்கத் தெரியும். திறந்து பார்க்கவில்லை.

அந்தப் பொய் அங்கேயே செத்திருந்தால் பரவாயில்லை. நீ உன் அம்மா வயிற்றில் இருந்தபோது எனக்கும் கரிப்பு வந்தது. ஒரு டாக்டரிடம் போனேன். வீட்டில் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் இருந்ததா என்று அவர் ஒழுங்காகத்தான் கேட்டார். "இல்ல சார், அப்பாவுக்கு அல்சர்" என்றேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் தெரியுமா, தகவல் சொல்கிற குரலில். சோதனையில் எச். பைலோரி என்ற கிருமி இருப்பது தெரிந்தது. பதினான்கு நாள் மாத்திரை கொடுத்து, முடித்துவிட்டு ஒரு மாதம் கழித்து வா, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும் என்றார். ஐந்து நாள் தின்றேன். வாய் முழுக்கத் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற ருசி. யார்டில் ஷட் டவுன் வேலை வேறு. கரிப்பும் நின்றுவிட்டது. மீதியை மேஜை டிராயரில் போட்டேன். முடித்துவிட்டீர்களா என்று உன் அம்மா கேட்டபோது முடித்துவிட்டேன் என்றேன். இது அவளுக்கு மூன்று நாள் முன்புதான் தெரிந்தது. அவள் கத்தவில்லை. "ஊர்ல உள்ள கிரேனுக்கெல்லாம் பதினாலு பாயிண்ட் செக் லிஸ்ட் போடுதிய. பதினாலு மாத்திர திங்க முடியலையோ" என்றாள். பதினாலு நாள் மாத்திரை, பதினாலு மாத்திரை இல்லை என்று திருத்தப் போனேன். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

கரிப்பு திரும்ப வந்ததால் இந்த முறை போனது ஒரு லேடி டாக்டரிடம். என் அம்மாவும் துணைக்கு வந்திருந்தாள். அப்பா எப்படி இறந்தார் என்று டாக்டர் கேட்டதும், நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள்:

"அல்சரும்மா. முத்திப் போயிட்டு."

"எத்தனை வயசுல?"

"அம்பத்தொண்ணு."

"கடைசில சோறு எறங்குச்சா?"

"தண்ணியே எறங்கல."

"ரொம்ப மெலிஞ்சாங்களோ?"

"மோதிரம் வெரல்ல நிக்கல. நூலு சுத்திப் போட்டிருந்தாக."

"வயித்தக் கீறினாங்களா?"

"கீறினாங்க. ஒண்ணுஞ் செய்யாம அப்படியே தச்சிட்டாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, சும்மா தச்சு அனுப்புனா அது எதுக்குன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒங்க மகனுக்கு மட்டுந்தான் தெரியாது போல."

அம்மா சுவரைப் பார்த்தாள். "அப்ப மகளுக்குக் கோயில்ல ஓல வாசிச்சிட்டிருந்தாக டாக்டர்."

"அது எப்ப?"

"பதினஞ்சு வருசம் இருக்கும்."

"இன்னுமா வாசிக்காங்க?"

அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் அம்மா ஒழுங்காகப் பதில் சொன்னாள். அப்பாவின் சித்தப்பா ஒருவரும் இதே மாதிரி போனார் என்பதை நான் அன்றைக்குத்தான் கேட்கிறேன். வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டில் வைத்து நான் கத்தினேன். நாலஞ்சு வருடம் முன்னால் இது தெரிந்திருந்தால் அன்றைக்கே குழாய் விட்டுப் பார்த்திருப்பார்கள், நானும் மாத்திரையை முடித்திருப்பேன் என்று கத்தினேன். அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏலே, ரோட்டுல நின்னு கத்தாத. நான் உள்ளதச் சொல்லியிருந்தா ஒனக்கு எவம்லே பொண்ணு தந்திருப்பான்?" என்றாள். தந்திருக்கமாட்டார்கள்தான். அப்படியென்றால் நீயும் இல்லை. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்கு விடை வரவில்லை.

இப்போது நீ புரிந்துகொள்ள வேண்டிய பகுதி. ஒழுங்காகப் படி. நம் ரத்தத்தில் இருக்கிறது என்று ஊர் சொல்லும், அதற்குத்தான் என் அம்மாவும் பயந்தாள். பரம்பரையாகக் கெட்டுப்போன மரபணு வருகிற குடும்பங்கள் உண்டு, நம்முடையது அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை என்கிறார் டாக்டர். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் என் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். யார்டில் ஒரு மோட்டாரைப் பழுது பார்க்கும்போது அதன் சுவிட்சைப் பூட்டி, 'இயக்காதே' என்று ஒரு அட்டை தொங்கவிடுவோம். டேக் என்போம். போன மழைக்கு எங்கள் கேபிள் குழியில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. வடிகால் பம்ப் ஓடவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கேபிள் நன்றாக இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. சுவிட்சில் டேக் தொங்குகிறது. யாரோ ஏதோ வேலைக்குப் போட்டுவிட்டு எடுக்காமல் போய்விட்டான். ஒவ்வொரு ஷிப்டும் முந்தைய ஷிப்ட் எழுதியதைப் பார்த்து, 'பம்ப் நிறுத்தம், டேக் உள்ளது' என்று அப்படியே எழுதியிருக்கிறது. ஆபரேட்டர் அண்ணாச்சி சாவகாசமாகச் சொன்னார்: "பம்புக்கு ஒரு கேடும் இல்ல தம்பி. எவனோ தொங்கவிட்ட அட்டைய நாம எதுக்குக் கழட்டணும்னு எல்லாரும் இருந்துட்டாம்."

வயிற்றுக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். அந்தக் கிருமி வருடக்கணக்காக அங்கே குடியிருந்து சுவரைப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கிறது. அதிக உப்பு அதற்கு வழிவிட்டுக் கொடுக்கிறது. அந்த நீண்ட அழற்சியில் மரபணுக்கள் மேல் மெத்தில் என்கிற சின்ன ரசாயன அட்டைகள் தவறான இடங்களில் விழுகின்றன. மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. அட்டை விழுந்த மரபணு வேலை செய்யாது, அவ்வளவுதான். செல்லைப் பக்கத்துச் செல்லோடு ஒட்டிவைக்கிற மரபணு, கெட்டதைப் பழுது பார்க்கிற மரபணு, வளர்ந்தது போதும் நிறுத்து என்று சொல்கிற மரபணு, இவற்றின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசி. செல் பிரியும்போது அட்டையும் நகலாகிப் புதுச் செல்லுக்குப் போகிறது, ஷிப்ட் ரிஜிஸ்டர் மாதிரி. கண்ணுக்குச் சுவர் நன்றாகவே தெரியும் காலத்திலேயே உள்ளே அட்டைகள் பரவிவிடலாம். எல்லோருக்கும் இது புற்றாக முடிவதில்லை. கிருமி இருக்கிற பெரும்பாலோர் கிழவர்களாகி வேறு காரணத்தில் சாகிறார்கள். கிருமியை ஒழித்தால் அட்டைகள் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு சீக்கிரம் ஒழிக்கிறோமோ அவ்வளவு நல்லது. நான் டிராயரில் போட்ட ஒன்பது நாள் மாத்திரையின் பொருள் இதுதான்.

அந்த அட்டைகளை எண்ணிச் சொல்கிற டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். "அது ஆராய்ச்சிக்காரங்க செய்யுதது தம்பி. எனக்கு ஒங்க வயித்துச் சதை போதும்" என்றார். என் மகனுக்கு இது போகுமா என்று கேட்டேன். என் வயிற்றில் விழுந்த அட்டை உன் வயிற்றுக்கு வராது, அது என்னோடு முடிந்தது என்றார். எழுந்து அவர் காலில் விழலாம் போல இருந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்: "பிள்ளைக்கு எப்படிச் சாப்பாடு குடுப்பிய? வாயில மென்னு குடுக்கிற பழக்கம் உண்டா? இந்தக் கிருமி சின்ன வயசுல, வீட்டுக்குள்ளதான் பெரும்பாலும் ஒட்டும்."

உனக்குப் பல் முளைத்த நாளில் இருந்து மீன் கொடுப்பது நான்தான். வேறு எந்த வேலையிலும் எனக்குப் பொறுமை இல்லை என்று உன் அம்மா சொல்வாள், அது ஒன்றில் மட்டும் இருந்தது. முந்தின நாள் வரைக்கும் கொடுத்தேன். என் அப்பா எனக்குக் கொடுத்த அதே மாதிரி, அதே வாயசைவோடு. அவரிடமிருந்துதான் எனக்கு ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னிடமிருந்து உனக்கு ஒட்டியிருக்கிறதா என்பதும் இப்போது தெரியாது. ரத்தத்தில் இருக்கிறது என்று ஊர் சொல்லிவிடும் என்று பயந்து வாயை மூடினோம். வந்தது ஒருவேளை வாய் வழியாகத்தான்.

அன்றைக்கு மத்தியானம் நீ தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தொடையில் ஏறி உட்கார்ந்தாய். நான் விரலால் முள் எடுக்க ஆரம்பித்தேன். நீ கொஞ்ச நேரம் பார்த்தாய். "அப்பா, வாயில போடு" என்றாய். வேண்டாம் என்றேன். "வாயில போடுப்பா" என்றாய். முடியாது என்று அதட்டினேன். உன் உதடு பிதுங்கியது. உன் அம்மா அடுப்படியில் இருந்து, "அவன் என்ன செஞ்சாம்னு அவன்ட்ட எரிஞ்சு விழுதிய" என்றாள். நீ எதுவும் செய்யவில்லை. அந்தத் துண்டில் நான் விட்ட ஒரு முள் உன் நாக்கில் குத்தியது. துப்பிவிட்டு, இறங்கிப் போய் உன் அம்மாவிடம் தட்டைக் கொடுத்தாய். மூன்று நாளாக நீ என்னிடம் மீன் கேட்கவில்லை.

இனி எழுதுவது ரிப்போர்ட் வந்த பிறகு. இன்று காலை போய் வாங்கினேன். டாக்டருக்குப் பிடிக்காத இடத்தில் புற்று இல்லை. குடல் மாதிரி மாறிய திட்டுகள் இருக்கின்றன, கிருமியும் இருக்கிறது. சந்தோஷப்படலாமா என்று கேட்டேன். "இப்போதைக்குப் படலாம். பதினாலு நாள் மாத்திர, ஒரு நாள் குறையக் கூடாது. பெறகு கிருமி போச்சான்னு டெஸ்ட். வருசா வருசம் வந்து குழாயை முழுங்கணும். வரலன்னா நான் போன் பண்ண மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார். உன் அத்தையிடம் என் அம்மாவே சொல்வதாகச் சொல்லிப் போனை வாங்கினாள். பத்து நிமிடம் மழையைப் பற்றியும் அத்தை மகளின் பரீட்சையைப் பற்றியும் பேசினாள். பிறகு, "ஏளா, அப்பாக்கு அல்சர் இல்லளா. வயித்துல புத்து. நீயும் போயி ஒரு டெஸ்ட் பாத்துரு" என்றாள். அத்தை என்ன சொன்னாளோ, அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் "சரி, திட்டு. திட்டிட்டுப் போயிப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்தாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் கோபப்படவில்லை. முன்பு பட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

உனக்கு நான் சொல்லும் புத்திமதி அதிகம் இல்லை. கருவாட்டைத் தின்னாதே என்று சொன்னால் நம் ஊரில் யார் கேட்பார்கள், அளவாகத் தின். பீடி சிகரெட் வேண்டாம். மருந்து கொடுத்தால் கடைசி மாத்திரை வரை தின், வாய் கசந்தால் கசக்கட்டும். பெண் பார்க்கப் போகும்போது உள்ளதை அந்த வீட்டில் மறைக்காமல் சொல். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். உன் பிள்ளைக்கு முள் குறைந்த மீனாகப் பார்த்து வாங்கு. சீலா இருக்கிறது, அதில் முள் எடுப்பது சுலபம், விலைதான் கூட.

எல்லாவற்றுக்கும் முன்னால், இருபது வயதானதும் ஒரு டாக்டரிடம் போய் உட்கார். வயிறு நன்றாக இருந்தாலும் போ. வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று அவர் கேட்பார், கேட்காவிட்டாலும் நீயாக இப்படிச் சொல்: தாத்தாவின் சித்தப்பாவுக்கு இருந்திருக்கலாம், சரியாகத் தெரியாது. தாத்தாவுக்கு வயிற்றுப் புற்றுநோய், ஐம்பத்தொரு வயதில் இறந்தார். அப்பாவுக்கு முப்பத்து நான்கு வயதில் கிருமியும் சுவர் மாற்றமும் இருந்தன, முதல் முறை மருந்தைப் பாதியில் விட்டார், எனக்கு நான்கு வயது வரை வாயில் முள் எடுத்து மீன் கொடுத்தார். இதற்கு அடுத்த வரியை என்னால் எழுத முடியவில்லை, அது இன்னும் நடக்கவில்லை. நான் இருந்தால் உன்னோடு வந்து நானே சொல்கிறேன். இல்லாவிட்டால் உன் அம்மாவிடம் கேட்டு நீயே எழுதிக்கொள். அப்பாவைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். அதை வீட்டில் வந்து சொல். டாக்டரிடம் என்ன நோய், எத்தனை வயது என்பதை மட்டும் சொல்.

அப்பா